எழுதாமல் விட்ட ‘காசி’

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஃபார்ம் டூவோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். அதற்கப்புறம் நான் பேனா பிடித்தது நாலு நம்பர் எடுக்கும் லாட்டரிச் சீட்டில் மட்டும்தான். ஆனால் எங்கள் அக்கா விடவில்லை. “ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் சந்தேகப்பட்ட. சந்தேகப்பட வேண்டிய ஆளை மட்டும் விட்டுட்ட. அதை எழுதுடா, குதிரை வெச்சிருக்கிறவன் நாலு பேராவது படிக்கட்டும்” என்றாள். சரி, கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எழுதிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

என் பெயர் குணா. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஆயர் குரோவில் வீடமைப்புப் பகுதிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் காதர் பாய் மூன்று குதிரைகள் வைத்திருந்தார். அவருக்குத் தெங்கேராவில் மளிகைக் கடை. குதிரை ஆசையால் வந்த தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போவோம். கல்யாணத்துக்கு வாடகைக்கும் விடுவோம். குளிப்பாட்டுவது, லத்தி அள்ளுவது, கயிற்றைப் பிடித்து நடப்பது, இதெல்லாம் நான். ஏறி ஓட்டுவது என் வேலையே இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருஷம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெர்லிமாவில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் செம்பாவைக் கொண்டுபோக வேண்டும். செம்பா எங்களுடைய செந்நிறக் குதிரை. லோரி முனியாண்டியுடையது. முனி என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. பாய் கொடுக்கும் கல்யாண வாடகையில்தான் அவனுடைய லோரித் தவணை பாதி ஓடிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் மழை பெய்து பலகை நனைந்திருந்தது. லோரியில் குதிரை ஏறுவதற்குச் சாய்வாக வைக்கிற பலகை அது. நனைந்தால் மேலே கோணிச் சாக்கு விரிக்க வேண்டும், அது என் வேலை. அன்று விரிக்கவில்லை. முனியைக் கிண்டல் பண்ணுவதில் மும்முரமாக இருந்தேன். அவன் பெண் பார்க்கப் போய், பெண்ணின் தங்கை கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்திருந்தான்.

“டேய், எந்தப் பொண்ணுனே தெரியாம தலையாட்டிட்டு வந்தியா?”

“டீ நல்லா இருந்துச்சுலா” என்றான் முனி.

சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். செம்பா பாதிப் பலகை ஏறியதும் பின்னங்கால் வழுக்கியது. கயிற்றை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, செம்பாவும் சாய்ந்தது, நான் கீழே, என் வலது காலின் மேல் அது. காய்ந்த செம்பனை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது செம்பாவின் காலா என் காலா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

முனி என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினான். போனவன் போனவன்தான். பத்து நாளைக்கு அவனிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை.

அவசரப் பிரிவில் மேசையில் இருந்தவர் ஒரு மலாய்க்கார டிரெசர். டாக்டருக்கு முன்னால் நம்மைப் பார்த்து எழுதிக்கொள்கிறவர். எப்படி நடந்தது என்று கேட்டார். என் மலாய் பசாரில் மீன் பேரம் பேசப் போதும், அதற்கு மேல் போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

“சாயா காசி நாயிக் குடா. பாப்பான் லிச்சின். சாயா ஜாத்தோ.”

குதிரையை ஏற்றிவிட்டேன், பலகை வழுக்கியது, விழுந்தேன். அவ்வளவுதான் விஷயம். ‘நாயிக்’ என்றால் ஏறுவது. முன்னால் ஒரு ‘காசி’ போட்டால் ஏற்றிவிடுவது. அந்தக் ‘காசி’ என் வாயிலிருந்து ஒழுங்காக வந்ததா, வலியில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. அவர் எழுதியது ‘நாயிக் குடா’ மட்டும். அதாவது குதிரை ஏறிப் போகும்போது விழுந்தவன். காசி போனதும் காசும் போகப் பார்த்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். குதிரைக் கொட்டகையில் பட்ட காயம் என்றதும் முதல் வேலையாக ஒரு டெட்டனஸ் ஊசி. குதிரை லத்தி கலந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்குமாம். சின்னச் சிராய்ப்பு வழியாக உள்ளே போனால் தாடையை இறுக்கிப் பூட்டிவிடுமாம். “உன் தாடைய பூட்டுனா நல்லதுதானேடா” என்றாள் அக்கா பிற்பாடு.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கிற பெரிய எலும்புக்கு ‘திபியா’ என்று பெயர். என்னுடையது இரண்டாகி, இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் விலகி நின்றன, சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி. உடனே முழு மாவுக்கட்டுப் போடவில்லை. காலின் பின்பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்து மேலே துணி சுற்றினார்கள். அதற்குப் ‘பேக்ஸ்லாப்’ என்று பெயர். வீங்குகிற காலை முழுசாக மூடினால், வீக்கம் போக இடமில்லாமல் உள்ளேயே நெருக்கி ரத்தத்தை நிறுத்திவிடும். சதை செத்துப்போகும். அதனால்தான் மிஸி, அதாவது நர்ஸ், அடிக்கடி வந்து கால்விரலை ஆட்டச் சொன்னார். நான் அவருக்கு ஒவ்வொரு விரலாக டான்ஸ் ஆடிக் காட்டுவேன். அவர் போனதும் எனக்கு நானே இன்னொரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். அது டான்ஸ் இல்லை, பயம்.

எலும்பு வார்டில் பத்துக் கட்டில். ஒன்பது பேரும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள். நான் ஒருவன்தான் குதிரை. கட்டில் காலில் மாட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு மிஸி “ஜோக்கி” என்று கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில் ஆறுமுகம் அண்ணனும் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடுப்பெலும்பில் அடி.

“ஜோக்கி, எவ்ளோ ஸ்பீட்ல போன?”

“காத்துக்கு மூச்சு வாங்குச்சுண்ணே.”

“டேய், குதிரைக்குப் பின்னாடி லத்தி அள்ளிக்கிட்டுத்தானே போவ?”

“அது வேல நேரத்துல. விழுந்தது ராஜா நேரத்துல.”

லத்தி அள்ளுகிறவன் பலகையில் வழுக்கி விழுந்தான் என்பதைவிட இது கேட்க நன்றாக இருந்தது. நாளுக்கு நாள் கதை வளர்ந்தது. மூன்றாம் நாள் நான் கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பார்வையாளர் நேரத்தில், டை கட்டிய ஒரு சீனர் என் கட்டிலருகில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கார்டு கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். குதிரை விஷயமாக வந்தேன் என்று மலாயில் சொன்னார். நோட்டைத் திறந்தார். எத்தனை மணிக்கு விழுந்தாய்? குதிரைக்கு எத்தனை வயது? இதற்கு முன் எத்தனை தடவை விழுந்திருக்கிறாய்?

எனக்குப் புரிந்துவிட்டது. இடித்து நொறுங்கிய காரைப் பார்த்தாலே நம்பர் பிளேட்டை எழுதிக்கொண்டு போய் நாலு நம்பர் எடுக்கிற ஊர் இது. குதிரையிலிருந்து விழுந்தவன் என்றால் சும்மா விடுவார்களா? உண்மையான நேரத்தைக் கொடுத்தால் நாளைக்குப் பரிசு அடித்துவிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு கூட வாங்கித்தர மாட்டார். அதனால் ஏழு மணி முப்பத்தெட்டு நிமிஷம் என்றேன். குதிரைக்கு ஒன்பது வயது என்றேன். நிஜத்தில் அப்போது மணி எட்டரை, செம்பாவுக்கு ஆறு வயது. ஏறித்தான் ஓட்டினாயா என்று கேட்டார். எழுந்து உட்கார்ந்து, கையால் லகான் பிடித்துக் காட்டினேன். ஆறுமுகம் அண்ணன் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சீனரும் சிரித்தார். எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு, என்னிடம் கையெழுத்து வேறு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கார்டு கெட்டியாக இருந்தது. மாவுப் பட்டைக்குள் அரித்தால் விட்டுச் சொறிய வசதி.

இதே நான்தான் காதர் பாயைப் பார்த்து அப்படிச் சந்தேகப்பட்டேன்.

சம்பள நாளில் பத்துத் தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார் அவர். அந்த மனுஷன் தினமும் சாயங்காலம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆப்பிளோடு வந்தார். உட்காருவார். “வலி எப்புடிப்பா?” என்பார். கை மட்டும் சட்டைப் பைக்குப் போய்ப் போய்த் திரும்பும். பைக்குள் மடித்த தாள் தெரியும்.

“செம்பா எப்படி இருக்கு பாய்?”

“இருக்கு, இருக்கு” என்று ஜன்னலைப் பார்ப்பார்.

“எனக்குப் பதிலா யாரு குளிப்பாட்டுறா?”

“அதெல்லாம் பாத்துக்கலாம். நீ ஆப்பிள் தின்னுப்பா.”

போனபிறகு அக்காவிடம் சொன்னேன். “என்னை வேலையவிட்டுத் தூக்கப் போறாரு. அதான் ஆப்பிள். கணக்குல நான் இருக்கிறதாவே அவரு காட்டல. சம்பளத்துல வெட்டுற அரசாங்கக் காப்புறுதியும் எனக்குக் கட்டல. இப்ப கையெழுத்து வாங்கிட்டுக் கழட்டி விட்ருவாரு.”

அக்கா பெயர் செல்வி. ஆயர் குரோ தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நீல யூனிஃபார்மோடு நேராக வருவாள். கஞ்சியும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவருவாள். மிஸி தினமும் என் கால்விரலைத் தொட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், நகவெட்டி கொண்டுவந்து அந்தக் காலின் நகத்தை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டாள். “அந்தப் பொண்ணு மூஞ்சிக்காவது மரியாதை குடு” என்றாள். அம்மா அதற்கு மேல். உடைந்த காலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், நல்ல காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவாள். “இது என்ன பாவம் பண்ணுச்சு, தனியா எல்லாத்தையும் தாங்குது” என்பாள். அந்த நேரத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வராது.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்து விஷயத்தை உடைத்தார். சின்ன வயது டாக்டர், பொறுமையாகச் சொன்னார். எலும்பு விலகியிருப்பதால் மாவுக்கட்டில் வைத்தால் வளைந்து சேரலாம், கால் குட்டையாகலாம். திறந்து, நேராக்கி, மேலே உலோகத் தகடு வைத்துத் திருகாணி போடுவது நல்லது. ஆபரேஷனுக்கும் கட்டிலுக்கும் கொஞ்சக் காசுதான், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆனால் தகடும் திருகாணியும் வெளிநாட்டுச் சாமான், நாமே வாங்கித்தர வேண்டும். ரிங்கிட் விழுந்ததில் அதன் விலை ஏறியிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை எனக்கு இடம் இருக்கிறது. புதன்கிழமைக்குள் தகடு வார்டுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மாவுக்கட்டுத்தான்.

விலையைக் கேட்டதும் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த சேமிப்பெல்லாம் போன மாதம் கூரை மாற்றியதில் போயிருந்தது. “நொண்டி ஜோக்கினு ஒருத்தனும் இல்லலா. நான்தான் மொத ஆளு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. குதிரையோடு நடந்து பிழைக்கிறவனுக்கு நடைதானே எல்லாம்.

மறுநாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தனபாலன் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுகிற ஆள். காதர் பாய்க்கு எல்லாப் பாலிசியும் பிடித்துக் கொடுத்தவர்.

“தம்பி, கவலப்படாதீங்க. பாய் வேலக்காரங்களுக்குன்னு ஒரு விபத்துப் பாலிசி எடுத்திருக்காரு. கம்பெனி ஒத்துக்கிட்டா தகடு விக்கிறவனுக்கு நேரா லெட்டர் குடுக்கும், நாங்க கட்டுறோம்னு. வீட்ல இருக்கிற மாசத்துக்கும் வாராவாரம் காசு வரும்.”

“பாயா? எங்களுக்காகவா?” அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

“குதிரை வாடகைக்கு விட லைசென்ஸ் வேணும்ல. அதுக்குக் கேட்டாங்க, எடுத்தாரு.” அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “ஆனா ஒரு சிக்கல். அதுல குதிரை ஏறி ஓட்டுறது சேராது. குதிரை பக்கத்துல வேல செய்யிறது சேரும், லோரில ஏத்துறது சேரும். ஓட்டுறதுக்குக் கூடுதல் பிரிமியம், பாய் வேணாம்னுட்டாரு. தம்பி ஓட்டிக்கிட்டு விழுந்திருக்கீங்களே.”

“யாரு சொன்னா?”

“ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல இருக்கு. கம்பெனி அனுப்புன விசாரணை ஆளுகிட்ட நீங்களே சொல்லிக் கையெழுத்தும் போட்ருக்கீங்க.”

“எந்த ஆளுகிட்ட?”

அக்கா என் மாவுப் பட்டைக்குள் விரலை விட்டு அந்தக் கார்டை உருவினாள். ஓரமெல்லாம் நைந்திருந்தது. வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

“அண்ணே, அது தமாசு. நான் ஏறவே இல்ல. லோரில ஏத்துனேன், பலக வழுக்கிருச்சு.”

“தம்பி, கம்பெனிக்குத் தமாசு தெரியாது. எழுதினதுதான் நடந்தது.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அது மட்டும் இல்ல” என்று நாற்காலியை இழுத்தார். “குதிரைக்கும் பாய் தனியா ஒரு பாலிசி எடுத்திருக்காரு. செத்தா காசு வரும். அது எப்படின்னா, ஓட்டும்போது விழுந்து செத்தா உண்டு. லோரில ஏத்தும்போது, கொண்டுபோகும்போது செத்தா இல்ல. அதுக்கும் கூடுதல் பிரிமியம், அதையும் பாய் வெட்டிட்டாரு.”

“செம்பா நல்லாத்தானே இருக்கு?”

தனபாலன் அக்காவைப் பார்த்தார். “தம்பிக்குச் சொல்லலியா? அன்னிக்கே கால் ஒடஞ்சிருச்சு. மிருக டாக்டர் வந்து ஊசி போட்டுட்டாரு.”

அன்று சம்பல் இறங்கவில்லை. பலகையில் கேட்ட சத்தம் ஒன்று இல்லை, இரண்டு. சாக்கு விரிக்காதவன் நான்.

கொஞ்சம் தெளிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. ஒரே விபத்து. லோரியில் ஏற்றியபோது என்றால் எனக்குத் தகடு, பாய்க்கு ஒன்றுமில்லை. ஓட்டியபோது என்றால் பாய்க்குக் குதிரைக் காசு, எனக்கு மாவுக்கட்டு. குதிரை விலை என்ன, என் கால் விலை என்ன என்று பாய் தராசில் வைத்துப் பார்க்கிறார். ஆப்பிளும் மடித்த தாளும் அதற்குத்தான். முனி ஏன் வரவில்லை? நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் அவன். அவனை வளைத்துவிட்டார். எல்லாம் கணக்காகப் பொருந்தியது. படுத்தபடியே நான் ஒரு பெரிய துப்பறியும் ஆளாகிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாய் வந்தார். இந்தத் தடவை ஆரஞ்சு. அவர் உட்காரும் முன்பே அக்கா கேட்டாள்:

“பாய், பையில இருக்கிறது என்னா?”

பாய் திரும்பி ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தார். அவர் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். பாய் மெல்லப் பையிலிருந்து எடுத்தார். ஒரு தாள் இல்லை, இரண்டு.

“ரெண்டும் கடைப் பிள்ளைய வெச்சு டைப் அடிச்சேன்மா. ஒண்ணுல ஓட்டுனான்னு. ஒண்ணுல ஏத்துனான்னு. கம்பெனி மொதலாளி வாக்குமூலம் கேக்குது. எதையும் குடுக்கல இன்னும்.”

“எந்தத் தாளைக் குடுக்கிறதுனு முடிவு பண்ணத்தான் தினம் வந்தீங்களா?” என்றேன்.

“ஆமாப்பா.” அவர் அதை மறைக்கவில்லை. “குதிரை கடன் வாங்குனது. கடையில யாவாரம் படுத்துக் கெடக்கு. வீட்ல இருந்து கெளம்பும்போது ஓட்டுனான்னு குடுத்துருவோம்னு வருவேன். இங்க வந்து உன் காலைப் பாத்தா வாய் வராது. போயிருவேன்.”

“செம்பா செத்தத ஏன் பாய் சொல்லல?”

“நீ சிரிச்சுக்கிட்டு இருந்தப்பா.”

அக்காதான் பேசினாள். “பாய், எங்க தம்பி வாயாடி. அவன் சொன்ன பொய்க்கு அவன் அனுபவிக்கட்டும். ஆனா நீங்க அதுக்கு மேல ஒரு பொய்ய வெக்காதீங்க. நடந்தத மட்டும் குடுங்க.”

பாய் இரண்டு தாளையும் பிரித்துப் பார்த்தார். ஒன்றை அக்காவிடம் நீட்டினார். லோரியில் ஏற்றும்போது என்று இருந்தது. அக்கா ஒரு எழுத்து விடாமல் படித்த பிறகு அதில் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றைக் கிழிப்பார் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். நான் அதைக் கவனித்தேன்.

அடுத்த நாலு நாள் நான் சொன்ன கதையை நானே அவிழ்க்கிற வேலை. மிஸியிடம் கெஞ்சி, அவசரப் பிரிவு டிரெசரைக் கூப்பிட்டுவரச் செய்தேன். அவர் வேலை முடிந்து வந்தார். நான் நிறுத்தி நிதானமாக “காசி நாயிக்” என்றேன், இரண்டு கையாலும் குதிரையைத் தள்ளிக் காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எழுதிய பதிவை மாற்ற முடியாதாம். ஆனால் நோயாளி சொன்னதைத் தவறாகப் புரிந்திருக்கலாம் என்று கீழே குறிப்பு எழுதி, தேதி போட்டுத் தருவதாகச் சொன்னார். சொன்னபடி தந்தார்.

திங்கட்கிழமை டை கட்டிய சீனர் மறுபடி வந்தார். நான் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நீங்கள் நம்பர் எடுக்க வந்தவர் என்று நினைத்துத்தான் நேரத்தை மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மலாயில் சொன்னார்:

“ஏழு மூணு எட்டு ஒன்பது. நான் எடுத்தேன். விழவில்லை.”

ஆறுமுகம் அண்ணனுக்கு மறுபடி இடுப்பு வலி வந்தது.

ஆனால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. ஒரு தடவை பொய் சொன்னவன் இரண்டாவது தடவை சொல்வதை எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சேணம் போட்டிருந்ததா, ஹெல்மெட் எங்கே, லகான் யார் கையில் என்று கேட்டு எழுதினார். சேணம் கொட்டகை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றுகிற குதிரைக்குச் சேணம் போடுவதில்லை. கடைசியில், லோரி டிரைவர் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்றார்.

முனி. எட்டு நாளாக வராத முனி.

அக்கா அவன் வீட்டுக்குப் போனாள். ஆள் இல்லை, மணல் ஏற்றப் போயிருக்கிறான் என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் இல்லை. நான் கண்ணை மூடினால் முனி பாயிடம் காசு வாங்குவது தெரிந்தது. டாக்டர் வந்து, தகடு வராவிட்டால் வியாழக்கிழமை இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா நல்ல காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் தனபாலன் ஓடிவந்தார். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. முனி செவ்வாய்க்கிழமை தானாகவே கம்பெனி ஆபிசுக்குப் போய்ச் சொல்லிவிட்டானாம்: ஏற்றினான், ஓட்டவில்லை, பலகையில் சாக்கு இல்லை. லெட்டர் கிளம்பிவிட்டது. மூன்று மணிக்குப் பெட்டியோடு ஒருவன் வந்தான். மிஸி திறந்து காட்டினார். அக்காவின் சீப்பு நீளத்தில் ஒரு தகடு, ஓட்டை ஓட்டையாக. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றியது.

முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது, துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்டது. அது என் கால்தான், ஆனால் யாருடையதோ மாதிரி இருந்தது. பிறகு காய்ச்சல், தையல், கக்கத்தில் வலிக்கிற தொங்காட், அதாவது ஊன்றுகோல். ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது. எலும்பு நேராகச் சேர்ந்தது. வாரக் காசும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

குதிரை வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றால் இதுதான். குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஓட்டுகிறானா, நடத்துகிறானா, லோரியில் ஏற்றுகிறானா, மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று ஏஜென்டை உட்கார வைத்துத் தமிழில் படிக்கச் சொல்லுங்கள். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆளுக்கு ஒன்றை வெட்டி, குதிரைக்கு ஒன்றை வெட்டினால், அப்புறம் ஆளும் குதிரையும் ஒரே காசுக்கு அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏறி வருகிற பிள்ளைகளுக்கு அடிபட்டால், வெளியாள் மேல் குதிரை பாய்ந்தால், அது இன்னொரு தனிப் பாலிசி, அது பாய்க்கு இல்லவே இல்லை. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். ஆஸ்பத்திரியில் எழுதியதைக் கையெழுத்துப் போடும் முன் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். டை கட்டிய ஆள் யாராக இருந்தாலும் கார்டை முதலில் படியுங்கள். மழை பெய்தால் சாக்கு விரியுங்கள்.

பாய் செம்பாவின் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. இப்போது என் பெயர் கணக்கில் இருக்கிறது. நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், நானும்தான் சொல்கிறேன். ஆனால் பையில் மடித்து வைத்த அந்த இன்னொரு தாள் மனதில் கிடந்து உறுத்தியது.

தொங்காட்டை விட்டு நடக்க ஆரம்பித்த முதல் வாரம் மெர்லிமாவ் சாப்பாட்டுக் கடையில் முனியைப் பிடித்தேன். ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். நன்றி சொல்லத்தான் போனேன். பாழாய்ப்போன வாய் வேறொன்றைக் கேட்டது.

“டேய், உண்மையச் சொல்லு. ஓட்டுனான்னு சொல்லச் சொல்லி பாய் உன்கிட்ட கேட்டாரா?”

முனி ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தான். தலையை நிமிர்த்தவில்லை.

“கேட்டாருடா, நானும் பத்து நாள் யோசிச்சேன்.”